துக்கத்துக்கு வந்த நிழல்கள்

வனவர் தவசியப்பன் கண்ணை மூடிய அன்றைக்குக் காலை பத்து மணிக்கு ஊத்துப்பாறையில் மரங்களுக்கு நிழல் இல்லாமல் போயிற்று. மரங்கள் நின்ற இடத்தில்தான் நின்றன, காற்றடித்தால் கிளைகள் அசைந்தன, காக்கைகள் வந்து உட்கார்ந்தன. ஆனால் வெயில் மட்டும் கண்ணாடி டம்ளருக்குள் புகுந்து வெளியே வருவது மாதிரி மரத்துக்குள் புகுந்து அடிவேர் வரைக்கும் வெள்ளையாக விழுந்தது. புளியமரத்தடியில் அசைபோட்டுப் படுத்திருந்த ஆடுகள் எழுந்து நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. டீக்கடைப் பிலாவடியான் வேப்பமரத்துக்குக் கீழே போட்டிருந்த பெஞ்சிலிருந்து நாலு பேர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

"பெஞ்சுக்கு அடியில அடுப்பு வச்சுட்டியாடா" என்று ஒருவர் கேட்டார்.

பிலாவடியான் மேலே மரத்தைப் பார்த்தான், கீழே தரையைப் பார்த்தான். "அதத்தான் நானும் பாக்குறேன்" என்றான்.

நிழல்கள் எங்கே போயின என்பது மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. ஊரின் கீழத்தெருக் கடைசியில் இருந்த வனவர் வீட்டுக்கு இழவு கேட்கப் போனவர்கள், முற்றத்தில் கால் வைத்ததும் ஆற்றில் இறங்கியது போலக் குளிர்ந்து நின்றார்கள். மேக்காட்டுத் தேக்கின் நிழலும், காப்பித் தோட்டத்துப் பலாக்களின் நிழலும், ஓடையோரத்து நாவல், நீர்மருது, கடுக்காய், பள்ளிக்கூடத்துப் புங்கை, எல்லாமே இறங்கி வந்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பாய் விரித்த மாதிரி அந்த வீட்டின்மேலும் முற்றத்தின்மேலும் படுத்திருந்தன. நடுப்பகலில் பிணத்தின் முகம் பார்க்க விளக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நனைந்த மட்கின் வாசமும் பழுத்த நாவலின் வாசமும் அடித்தது.

ஊர் அதில் பெரிதாக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. பாதி மரம் அவர் வைத்தது, மீதி அவர் காத்தது, துக்கத்துக்கு வராமல் இருக்குமா என்றார்கள். ஒரு குழந்தை பிறந்தால் ஒரு மரக்கன்றோடு அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பவர் அவர். குழந்தைக்கு வைத்த பெயரைத்தான் கன்றையும் கூப்பிடுவார். வந்த நிழல்களுக்கு இடம் விட்டு, மிதிக்காமல் ஓரமாக நடந்து, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தார்கள். சாயங்காலம் அவரைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினார்கள்.

நிழல்கள் திரும்பவில்லை.

அதற்குக் காரணம் ஊருக்குத் தெரியும். ஊத்துப்பாறையில் ஒரு கட்டு உண்டு. ஒருத்தி தாலியறுத்தால் பதினாறாம் நாள் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து அவள் தோளில் விழ வேண்டும். விழும்வரை துக்கத்துக்கு வந்த வெளியாட்கள் யாரும் எழுந்து போகக் கூடாது. மனிதர்கள் அதையெல்லாம் இப்போது பார்ப்பதில்லை, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். மரத்தின் நிழலுக்கு எந்த பஸ் இருக்கிறது? அது முறைப்படி உட்கார்ந்திருக்கிறது, கோடி வந்தால் எழுந்துவிடும் என்றார்கள்.

சொல்லிவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஏனென்றால் வனவரின் மனைவி குருவம்மாளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது ஒரே ஒரு அண்ணன்தான். அது சடையாண்டி.

மேலத்தெருச் சடையாண்டிக்கு அறுபத்தேழு வயது. சாவுச் செய்தி வந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்து மாட்டுக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். "சரி" என்றார். கயிற்றைக் கடைசி முறுக்கு வரைக்கும் முறுக்கி முடிச்சுப் போட்டார். இந்தச் செய்திக்காக இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவர். வந்தபிறகு அது வாய்க்கு ருசியாக இல்லை என்பதே அந்த ஆள்மேல் அவருக்கு இன்னொரு கோபமாகப் போயிற்று. தவசியப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவருக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. 'அந்த ஆள்' என்பார்.

அப்பா அம்மா இல்லாமல் தூக்கி வளர்த்த தங்கச்சியை அந்த ஆளுக்குக் கட்டிக்கொடுத்தது சடையாண்டிதான். காக்கிச்சட்டை போட்டவன், பீடி சிகரெட் கிடையாது, ரோந்து முடித்து வரும்போது பெண்டாட்டிக்குச் சட்டைப்பையில் நாவற்பழம் கொண்டுவந்து சட்டையெல்லாம் கறையாகி அவளிடம் திட்டு வாங்குகிறவன் என்று ஊரெல்லாம் பெருமை பேசியதும் அவர்தான். பிறகுதான் சடையாண்டி வீடு கட்டினார். ஓட்டு வீடு. சுவர் எழும்பி நின்றது, நடுவிட்டத்துக்கு மரம் இல்லை.

"நாலாயிரம் மரம் நிக்குது மாப்ள. எனக்கு ஒன்னு தரக்கூடாதா" என்று கேட்டார்.

"என் மரம்னா நாலாயிரமும் உனக்குத்தான் மச்சான்" என்றார் தவசியப்பன். "அது என்னுது இல்லையே."

அந்தப் பதில் சடையாண்டியின் தொண்டையில் முள்ளாக நின்றது. அடுத்த மாதமே தவசியப்பன் அவரைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தினார். வேங்கை மரம் ஒன்றை வெட்டிவிட்டாராம். மூன்று மாதம் உள்ளே. வெளியே வந்த அன்றைக்குச் சடையாண்டி நேராகக் கருப்பன் கோயிலுக்குப் போய், ஊர் பார்க்க, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, நான் வெட்டவில்லை என்று சத்தியம் செய்தார். கருப்பன் ஒன்றும் செய்யவில்லை. ஊர் நம்பியது. இரண்டு வருஷம் கழித்து அவர் பெண்சாதி விஷக்காய்ச்சலில் போனாள். அதையும் அவர் அந்த ஆள் கணக்கிலேயே சேர்த்தார். தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வீட்டைச் சுற்றியிருந்த வாகை, முருங்கை எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினார். அந்த ஆள் கும்பிடுகிற எதுவும் தன்மேல் விழக் கூடாது என்றார்.

அதனால் ஊரே நிழலில்லாமல் தவித்த அந்தச் சித்திரை மாதத்தில் சடையாண்டிக்கு மட்டும் ஒன்றும் குறையவில்லை. "நான் பழகினவன், நீங்க இப்பத்தான் ஆரம்பிக்கிறீங்க" என்று போகிற வருகிறவர்களிடம் சொன்னார்.

ஊர் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. வீட்டுச் சுவருக்கு நிழல் இருந்தது, குடைக்கு நிழல் இருந்தது, மரத்துக்குத்தான் இல்லை. சினைமாடுகளை வனவர் வீட்டு முற்றத்தில் கட்டினார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் லாந்தர் வெளிச்சத்தில் வாய்ப்பாடு சொல்ல வைத்தார். மத்தியான பஸ் அங்கே போய் நின்று இளைப்பாறிவிட்டு வந்தது. உட்கார்ந்தவர்கள் எல்லோரும் சும்மா உட்காராமல் தவசியப்பனைப் பேசினார்கள்: புயலடித்த வருஷம் சாய்ந்த பலாவுக்கு முட்டுக்கொடுத்து, காயத்தில் சாணமும் களிமண்ணும் அப்பி, ஒரு வாரம் தினமும் போய் எப்படி இருக்கே என்று விசாரித்தது, நாற்றங்காலுக்குள் செருப்புப் போடாதது, மகள் மருதாயி நெற்றிக்கு மை வாங்காமல், மேக்காட்டு வேங்கையின் பட்டையை நகத்தால் கீறி, சிவப்பாகக் கசிந்த பாலைச் சிரட்டையில் பிடித்துக் காயவைத்துப் பொட்டு வைத்தது. பேசியதையெல்லாம் பிலாவடியான் டீயோடு சேர்த்து மேலத்தெருவுக்குக் கொண்டுவந்து ஊற்றினான். சடையாண்டி டீயை மட்டும் குடித்தார்.

காப்பித் தோட்டம்தான் தாங்கவில்லை. பூ உதிர்ந்து மிளகளவு காய் பிடித்திருந்த நேரம். நிழலுக்குள்ளேயே வளர்ந்த செடி. ஒரே வாரத்தில் இலைகள் விளிம்பு கருகிச் சுருண்டன. வேளாண்மைத் துறைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். பலாமரத்தடியில் நின்று தன்னுடைய நிழலை மட்டும் பார்த்தார், வெப்பம் அதிகம் என்று எழுதிக்கொண்டார், ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். பதினாறாம் நாள் வரைக்கும்தான் செடி தாங்கும், அதற்குமேல் வேரோடு பிடுங்க வேண்டியதுதான் என்றார்கள் தோட்டக்காரர்கள்.

ஊர்ப் பெரியதனம் மொக்கையன் நாலு பேரோடு வந்து சடையாண்டியிடம் கேட்டார். "மாமா, ஒரு சேலை. கொண்டுபோய்ப் போட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வந்துரு. யாரு வேண்டாங்குறா."

"அந்த ஆள் என்னைக் கூண்டுல ஏத்துனப்ப நீங்க நாலு பேரும் எங்க போயிருந்தீங்க?"

"நான் அப்ப டவுசர் போட்டிருந்தேன் மாமா" என்றார் மொக்கையன்.

சடையாண்டி சிரிக்கவில்லை. அவர்கள் போனார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் சடையாண்டி கதவைத் திறந்தபோது, மொட்டையாகக் கிடந்த அவருடைய வாசலில் ஒரு நிழல் விழுந்திருந்தது. சுற்றிலும் ஒரு செடி கூட இல்லை. அடிமரம் தெருப்படலில் தொடங்கி, கிளைகள் வீட்டைப் பார்த்து விரிந்து கிடந்தன. மூன்றாகப் பிரிந்த கவையில் இரண்டு கொம்புகள் இலையடர்ந்து நீண்டிருக்க, இடதுபக்கத்துக் கொம்பு மட்டும் முழங்கையோடு போன கை மாதிரி மொட்டையாக நின்றது. இடி விழுந்து ஒடிந்த கொம்பு அது. சடையாண்டிக்கு அதைத் தெரியும். அந்தக் கொம்பில் கயிறு போட்டுத்தான் அவர் அந்த மரத்தைச் சாய்த்திருந்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். தலைக்கு மேலே, தார் பூசிக் கறுத்து, சுவருக்குச் சுவர் கிடந்தது நடுவிட்டம்.

நாலாயிரத்தில் அந்த மரத்தை அவர் தெரிந்துதான் எடுத்தார். தவசியப்பன் மகளுக்குப் பொட்டு எடுக்கிற வேங்கை அது. மருதாயிக்கு நாலு வயதில் அம்மை போட்டிருந்தது. அந்த ஆள் காட்டைக் கூட எட்டிப் பார்க்காமல் பிள்ளைக்கு வேப்பிலையால் வீசிக்கொண்டு நாலு நாள் வீட்டில் இருந்தார். அந்த நாலு நாளில், வெளியூர் அறுப்புக்காரர்கள் இரண்டு பேரை வைத்துச் சடையாண்டி வேலையை முடித்தார். வெட்டு விழ விழ மரம் ஆடு அறுத்த மாதிரி சிவப்பாக வடித்தது. வேட்டி நனைந்தது. வழியெல்லாம் சொட்டியது. ஐந்தாம் நாள் அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே தவசியப்பன் மலையிலிருந்து இறங்கிச் சடையாண்டியின் பின்வாசல் வரைக்கும் வந்தார். ஜன்னல் சந்து வழியாகச் சடையாண்டி பார்த்தார். அந்த ஆள் வாசற்படிக்கு வெளியே நெடுநேரம் நின்றார். உள்ளே வரவில்லை. பயந்துவிட்டான் என்று சடையாண்டி அன்றைக்கு நினைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தார்.

அதற்குள் ஊர் வாசலுக்கு வந்துவிட்டது. மேலத்தெருவில் நிழல் விழுந்தால் ஒளித்துவைக்க முடியுமா. முதலில் ஆடுகள் வந்தன, பிறகு பிலாவடியான் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தான், பிறகு எல்லோரும் வந்தார்கள். என்ன மரம் என்று யாருக்கும் தெரியவில்லை. மேக்காட்டுக்குள் அவ்வளவு தூரம் போகிற பழக்கம் ஊருக்கு இல்லை. ஆனால் ஏன் வந்தது என்பதை மொக்கையன் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"விளங்கலையா? செத்தவரு மன்னிப்புக் கேக்குறாரு. செய்யாத தப்புக்கு உள்ள போட்டாருல்ல மாமாவ. அந்தப் பாவத்தோட போக முடியுமா? அதான் தன் பங்கு நிழல்ல ஒன்னப் பிரிச்சு இங்க அனுப்பியிருக்காரு."

ஊருக்கு அது சரியாகப் பட்டது. கருப்பன் கோயில் பூசாரி வந்து நிழலின் அடியில் விபூதி தூவினார். சடையாண்டிக்குக் கயிற்றுக்கட்டில் போட்டு நடுநிழலில் உட்காரவைத்து, இவ்வளவு நாள் உன் வாசலுக்கு வராமல் போனோமே என்று மன்னிப்புக் கேட்டார்கள். மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "பெருசு முகத்துல இப்பத்தான் களை வந்திருக்கு" என்றான் பிலாவடியான். சடையாண்டியின் முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலேயே குளிர்ச்சியான இடத்தில் உட்கார்ந்து வியர்த்தவர் அவர் ஒருவர்தான்.

நிழல் நாளுக்கு ஒரு முழம் நகர்ந்தது. சூரியன் எங்கே போனாலும் அதைக் கண்டுகொள்ளாமல், கிளை நுனி கதவைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தது. அவர் வைக்கோல் பரப்பிப் பார்த்தார். நிழல் வைக்கோலின்மேல் விழுந்தது. சாணி கரைத்து மெழுகிப் பார்த்தார். ஈரத்தில் இன்னும் கருத்தது. தகரம் சாத்தினார், தகரத்தில் ஏறி, அந்த மொட்டைக் கொம்பு முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. பத்தாம் நாள் இன்னொன்றும் கண்டுபிடித்தார். அவர் கிணற்றுக்கோ கடைக்கோ போனால் நிழல் கிடந்த இடத்தில் கிடந்தது. கீழத்தெருப் பக்கம் பத்தடி வைத்தால் அது எழுந்து கூடவே வந்தது. நின்றால் நின்றது. திரும்பினால் திரும்பி வந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது.

அப்படியானால் கோடியை எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனால் இதுவும் வரும். கட்டிக்கொடுத்த புதிதில் புருஷனுக்குச் சோறு கொண்டுபோய் அந்த வேங்கையடியில் உட்கார்ந்து பரிமாறியவள் குருவம்மாள். அந்தக் கொம்பு அவளுக்குத் தெரியும். போகாவிட்டால் காப்பிச்செடி கருகும், தங்கச்சி முடியாத துக்கத்தோடு கிடப்பாள், நிழல் நாளுக்கு ஒரு முழமாக வந்து பதினாறாம் நாள் கதவுக்குள் நுழைந்து சுவரேறி விட்டத்தில் படுத்துக்கொள்ளும், அப்போது வாசலில் மோர் குடித்துக்கொண்டிருக்கிற ஊர் முழுவதும் அண்ணாந்து பார்க்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார்.

பதினாலாம் நாள் மருதாயி வந்தாள். இருபத்தாறு வயது. டவுனில் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை, மாட்டுக்கு ஊசி போடுகிறவளுடைய கெட்டியான கை. நிழலுக்குள் வந்து, கட்டிலில் உட்காராமல் நின்றாள்.

"மாமா, அம்மா வரச் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

"எதுக்கு?"

"அம்மா பதினாலு நாளா இருட்டுக்குள்ள உக்காந்திருக்கு. கேட்டா, அண்ணன் வரும்னு சொல்லுது."

சடையாண்டிக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. உள்ளே போனார், தகரப்பெட்டியைத் திறந்தார், நாலாக மடித்துப் பழுத்துப்போன காகிதம் ஒன்றை எடுத்துவந்து அவள் முன்னால் நீட்டினார். ஜெயிலிலிருந்து வரும்போது கொடுத்த கோர்ட்டுக் காகிதம். அவருக்குப் படிக்கத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாகச் சண்டை வரும்போதெல்லாம் அதை எடுத்து ஆட்டிக் காட்டியிருக்கிறார், ஒருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை. அந்த ஆள் எழுதியதை இன்னொருவன் வாயால் கேட்பதா என்ற வீம்பு.

"படி. உங்கப்பன் எனக்குச் செஞ்சத நீயே படி."

மருதாயி காகிதம் கிழியாமல் பிரித்தாள். உரக்கத்தான் படித்தாள். "காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கோடாரியுடன் நுழைந்த குற்றத்துக்காக மூன்று மாதம். எதிரியிடமிருந்து மரம் எதுவும் கைப்பற்றப்படவில்லை. எதிரியின் வீடு சோதனையிடப்படவில்லை என்று வனவர் தெரிவிக்கிறார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் மாமா."

"மரம் வெட்டினேன்னு இல்லையா?"

"இல்ல."

பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மருதாயி காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். அப்போதுதான் அவள் கண் தரைக்குப் போயிற்று. அடிமரத்திலிருந்து கவைக்கு, கவையிலிருந்து அந்த மொட்டைக் கொம்புக்கு. அவளை அறியாமல் அவள் விரல் நெற்றிக்குப் போனது. அப்பா தோளில் உட்கார்ந்து எட்டித் தொட்ட கொம்பு.

"கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள். குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அண்ணாந்தே நின்றாள். சடையாண்டி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள், வெளியே வந்தாள், பெஞ்சில் இருந்தவர்களைத் தாண்டி நடந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பனுடைய நடை, அப்படியே.

அன்றைக்கும் மறுநாளும் சடையாண்டி சாப்பிடவில்லை. மரம் வெட்டினான் என்று எழுதியிருந்தால் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்திருக்க வேண்டும். வீட்டைச் சோதனை போட்டிருந்தால் விட்டத்தை இறக்கியிருப்பார்கள், அப்போதுதான் சுவரெழுப்பிய வீடு, சரிந்து குட்டிச்சுவராகியிருக்கும், பெண்சாதி தெருவில் நின்றிருப்பாள். அந்த ஆள் பின்வாசலில் நெடுநேரம் நின்றது பயந்து இல்லை. காட்டுக்கும் பொய் சொல்லாமல், மச்சான் வீட்டையும் இடிக்காமல் எதை எழுதலாம் என்று நின்றிருக்கிறார். நின்று, யோசித்து, மூன்று மாதத்தை எழுதினார். பிறகு இருபத்திரண்டு வருஷம் ஊர் அவரைப் பார்த்து, செய்யாத மச்சானை உள்ளே வைத்தவன் என்று பேசியபோதும் வாயைத் திறக்கவில்லை. சடையாண்டிக்கு இதை நினைக்க நினைக்க மனம் இளகவில்லை. கோபம்தான் ஏறியது. கையில் இருந்த ஒரே சொத்தான பகையையும் அந்த ஆள் செத்த பிறகு வந்து பிடுங்கிக்கொண்டார்.

பதினாறாம் நாள், உச்சிக்கு ஒரு நாழிகை இருக்கும்போது, கிளை நுனி வாசற்படியில் ஏறியது. வெளியே ஊர் உட்கார்ந்திருந்தது. சடையாண்டி பெண்சாதியின் பெட்டியைத் திறந்தார். அவளுக்கென்று எடுத்து அவள் கட்டாமலே போன அரக்குக்கரைச் சேலை ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைத் தாம்பாளத்தில் வைத்தார், மேலே ஒரு தேங்காயை வைத்தார், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"மாமா கிளம்பிட்டாரு" என்றார் மொக்கையன்.

நிழல் எழுந்துகொண்டது. சடையாண்டி நடக்க, அவர் காலடியில் அடிமரத்தை ஊன்றி, கிளைகளைத் தெரு முழுக்க விரித்துக்கொண்டு அதுவும் நடந்தது. ஊர் அதற்குள் புகுந்துகொண்டு பின்னால் வந்தது. "ராசா குடைபிடிச்சுப் போற மாதிரி போறாரு பாரு" என்றாள் ஒருத்தி. "செத்தும் மரியாதை செய்றாரே மனுசன்" என்றார் பூசாரி. ஒவ்வொரு பேச்சும் சடையாண்டியின் முதுகில் கல்லாக விழுந்தது. கீழத்தெரு அவருக்கு மறந்துபோயிருந்தது. யார் யாரோ மாடி கட்டியிருந்தார்கள். கடைசி வீட்டுக்கு முன்னால் வெயில் சட்டென்று அறுந்து இருட்டு தொடங்கியது.

படலைத் தாண்டியதும் அங்கே படுத்திருந்த நிழல்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கின, கூட்டத்தில் நெருங்கிய சொந்தம் வந்தால் ஒதுங்குவதுபோல. வேங்கை மட்டும் நடுவில் போய், உள்ளே விளக்கடியில் உட்கார்ந்திருந்த குருவம்மாளின் காலடியில் படுத்தது. குருவம்மாள் குனிந்து அதைப் பார்த்தாள். வெறுங்கழுத்தோடு இருந்தாள். அந்த மொட்டைக் கொம்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வந்துட்டியாண்ணே" என்றாள். "நீ தனியா வரமாட்டேன்னு தெரியும்."

சடையாண்டி சேலையைப் பிரித்து அவள் தோளில் போட்டார். ஒரு பக்கம் நழுவியது. மருதாயி எடுத்துச் சரிசெய்தாள். எல்லோரும் முற்றத்தைப் பார்த்தார்கள்.

ஒரு நிழலும் எழவில்லை.

மொக்கையன் மெதுவாக, "முறைதான் முடிஞ்சிருச்சே" என்றார். தேங்காயை உடைத்தார்கள். எழவில்லை. தோட்டக்காரன் ஒருவன் வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினான். உச்சி இறங்கத் தொடங்கிவிட்டது. சடையாண்டி, தங்கச்சி முகத்தைப் பார்த்தார். அதில் கேள்வி இல்லை, கோபம் இல்லை, அவசரம் கூட இல்லை. சின்ன வயதில் அவர் சோறு வடித்து முடிக்கும்வரை தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அந்த முகம்.

"கருப்பன் கோயில்ல நான் அணைச்சது பொய்ச்சத்தியம்" என்றார் சடையாண்டி. "இந்த வேங்கைய நான்தான் வெட்டினேன். என் வீட்டு விட்டம் அதுதான். அந்த ஆளுக்குத் தெரியும்."

எல்லோரும் தரையில் கிடந்த வேங்கையைப் பார்த்தார்கள். பிறகு பிலாவடியான், "அப்ப பதினோரு நாளா நாங்க பெஞ்சு போட்டு உக்காந்தது..." என்று தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டான்.

மேலே இருந்த நிழல் முதலில் அசைந்தது. ஒரு தேக்கு. பந்தியிலிருந்து எழுகிறவர்கள் மாதிரி பக்கத்தில் இருந்தவற்றை இடிக்காமல் எழுந்து, வாசலைத் தாண்டி, தெருவழியே மலைக்கு நடந்தது. அதன் பின்னால் பலாக்கள், அதன் பின்னால் நாவலும் நீர்மருதும் கடுக்காயும். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, அவையும் சொல்லவில்லை. வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பகல் வந்தது. மருதாயி விளக்கை ஊதி அணைத்தாள். தோட்டக்காரர்கள் ஓடினார்கள். புங்கை மட்டும் பள்ளிக்கூடம் வரைக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து போயிற்று.

எல்லாம் போன பிறகு வேங்கையின் நிழல் மட்டும் தரையில் கிடந்தது. அதற்குப் போக மரம் இல்லை.

சடையாண்டி மறுநாள் ஓடு இறக்கினார். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் யாரும் வரும் நிலையில் இல்லை; மொக்கையன் தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார், பூசாரி தான் தூவிய விபூதியை நினைத்து நினைத்து எச்சில் துப்பினார். மூன்று நாள் தனியாக இறக்கினார். நாலாம் நாள் விட்டத்தைத் தூக்க வேண்டியபோது பிலாவடியான் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். "பதினோரு நாள் வெயில் படாம காப்பாத்துன மரம். அதுக்காகத்தான் வாரேன், உனக்காக இல்ல" என்றான். பிறகு இன்னும் பத்துப் பேர் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

தாரைச் சுரண்டி எடுத்து, மேக்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், அடிக்கட்டை மட்கிய பள்ளத்தில் விட்டத்தை நட்டு நிமிர்த்தினார்கள். கிளையில்லை, இலையில்லை, ஆணி அடித்த துளைகளோடு ஒரு கட்டை. நிழல் அவர்களுக்குப் பின்னாலேயே ஏறி வந்து, கட்டையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, அதன் அடியில் தன் அடியை வைத்து, இலையடர்ந்த இரண்டு கொம்பையும் மொட்டைக் கொம்பையும் விரித்துப் படுத்தது. இன்றைக்கும் அங்கே போகிறவர்கள் ஒரு மொட்டைக்கட்டைக்குக் கீழே முழு வேங்கையின் நிழலில் உட்கார்ந்து சோற்றுப்பொட்டலம் பிரிக்கிறார்கள்.

ஓடில்லாத வீட்டுக்குள் சடையாண்டி உட்கார்ந்திருந்தார். விட்டம் கிடந்த இடத்தின் வழியாக உச்சிவெயில் நேராக அவர் தலையில் இறங்கியது. குருவம்மாள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணனுக்குப் பரிமாறினாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அந்த ஆள்" என்றார் சடையாண்டி.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். குருவம்மாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் சுவரோரமா நகர்ந்து உக்காரேன். சுடலையா?" என்றாள்.

"சுடுது" என்றார் சடையாண்டி. நகரவில்லை.